மாலை போட்ட மாணவனை வாசலில் நிறுத்தலாமா?

கார்த்திகை பிறந்த மறுநாள். பிரேயர் முடிந்து பிள்ளைகள் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். ஒன்பதாம் வகுப்பு வாசலில் மட்டும் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். சீருடைச் சட்டை, கீழே கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, வெறுங்கால். தோளில் மாட்டிய பையை இறக்கி வைக்கக்கூட இல்லை.

"ஏன்ப்பா வெளியே நிக்கிறே?"

"ஷூ போடலன்னு பி.டி. சார் நிறுத்திட்டாங்க சார்."

தென் மாவட்டப் பள்ளிகளில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் கடைசி 9 ஆண்டுகள் தலைமையாசிரியர். இந்தக் காட்சியை ஆண்டுதோறும் ஏதாவது ஒரு வடிவில் பார்த்திருக்கிறேன். அன்று அந்தப் பையனுக்குக் கணக்குப் பாடம் போயிற்று. அதைவிட, நாற்பது பிள்ளைகள் சன்னல் வழியாக அவனை எட்டிப் பார்த்தார்கள். அதுதான் என்னை உறுத்தியது.

பி.டி. சார் கெட்டவர் இல்லை. ஷூ வாங்க வழியில்லாத பிள்ளைகளுக்குச் சொந்தக் காசில் வாங்கிக் கொடுத்தவர். அவர் கேட்டதும் நியாயமான கேள்விதான்: "இவனை விட்டா நாளைக்கு நாலு பேர் வெறுங்காலோட வருவான். கேட்டா விரதம்பான். யார் சார் சோதிச்சுக்கிட்டு இருக்கிறது?"

சாயங்காலம் பையனின் அப்பாவை வரச் சொன்னோம். உப்பளத் தொழிலாளி. வந்ததும் மன்னிப்புக் கேட்கும் தோரணையில் நின்றார், அதுவே எனக்குச் சங்கடமாக இருந்தது. உட்காரவைத்துப் பேசினோம். வேட்டி வேண்டாம், சீருடைப் பேன்ட்டே போடட்டும், மாலை சட்டைக்குள் இருக்கட்டும், வெறுங்காலோடு வரட்டும். இதுவரை சுலபமாக முடிந்தது. வேதியியல் ஆய்வகத்தில்தான் சிக்கல். ஆசிட் சிந்துகிற இடத்தில் வெறுங்காலோடு யாரையும் விட முடியாது என்று சொன்னேன். அவர் என் அறையிலிருந்தே குருசாமிக்குப் போன் போட்டார். "ஆசிட் இருக்கிற இடத்துல செருப்பு போட்டுக்கிடட்டும், வெளிய வந்து காலைக் கழுவிக்கிடட்டும், அதுல ஒண்ணும் தப்பில்ல" என்று பதில் வந்தது. பத்து நிமிட வேலை. காலையிலேயே செய்திருக்கலாம்.

போகும்போது அவரே ஒன்று சொன்னார்: "வீட்ல நாங்க சாமின்னு கூப்பிடுவோம். நீங்க பேரைச் சொல்லியே கூப்பிடுங்க சார். படிக்கலன்னா கண்டிச்சு வையுங்க." இதை எல்லா ஆசிரியர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. மாலை போட்ட பிள்ளை வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தால் "சாமியை எப்படி சார் திட்டுறது" என்று விட்டுவிடுகிற ஆசிரியர்கள் உண்டு. விடிகாலைக் குளியல், இரவு பஜனை, வகுப்பில் தூக்கம், அந்த மண்டலம் முடிவதற்குள் அரையாண்டுத் தேர்வு. மார்க் குறைந்தால் பாதிக்கப்படுவது பிள்ளைதான். விரதத்துக்கு மரியாதை கொடுப்பது வேறு, பிள்ளையைக் கைவிடுவது வேறு.

வேறொரு பள்ளியில் நான் உதவி ஆசிரியராக இருந்தபோது நடந்தது இன்னும் மறக்கவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் நெற்றியில் இருந்த திருநீற்றை வகுப்பாசிரியை ஈரக் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். பட்டையாகப் பூசியிருக்கிறது, பார்க்க நன்றாக இல்லை என்பது அவர் வாதம். மறுநாள் அம்மா வந்தார். சண்டை போடவில்லை. "டீச்சர், அது நான் வச்சு விட்டது. என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார், அவ்வளவுதான். அந்த வருடம் முழுக்க அந்தப் பிள்ளை அந்த ஆசிரியையின் வகுப்பில் கை தூக்கவே இல்லை. எந்த மதமானாலும், பிள்ளையின் உடம்பில் இருப்பதை ஆசிரியர் தன் கையால் எடுக்கக் கூடாது.

சட்டத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. அரசியலமைப்பின் 28(3) பிரிவின்படி, அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில் மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படி பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையைக் கட்டாயப்படுத்த முடியாது. 1985இல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. அதற்காகப் பள்ளியை விட்டு நீக்கப்பட்டார்கள். 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்க்கச் சொன்னது. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று பெயர். ஹிஜாப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் "கோர்ட்டே சொல்லியாச்சு" என்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வகுப்பறையில் ஹிஜாபுக்குத் தடையாக அமைந்த கர்நாடக அரசாணையை அந்த மாநில உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் ஏற்றது உண்மை. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகள் சீருடையோடு வெள்ளை முக்காடு போட்டு வந்தார்கள், பாடம் ஒழுங்காகத்தான் நடந்தது.

கயிறு விஷயம் இப்படி இல்லை. இங்கே நான் கறார்.

எங்கள் பக்கம் கையில் கட்டும் வண்ணக் கயிறு பல நேரங்களில் சாதி அடையாளம். கேட்டால் "கோயில் கயிறு சார்" என்பான். நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "அதே கோயிலுக்குப் போன பக்கத்துத் தெருப் பையன் இதே கயிற்றைக் கட்டிக்கிட்டு உன் பெஞ்சில வந்து உட்காரலாமா?" சாமி கயிறு என்றால் உடனே "உட்காரலாமே" என்பான். சாதிக் கயிறு என்றால் தலையைக் குனிந்துகொள்வான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அறிக்கை, கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் மூன்றையும் பள்ளியில் தடை செய்யப் பரிந்துரைத்தது. கயிற்றில் எனக்கு முழு உடன்பாடு. நெற்றியில் பூசுவதை மொத்தமாகத் தடுப்பதில் உடன்பாடு இல்லை. அந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை நினைவுக்கு வருகிறாள்.

ஆனால் கயிற்றையும் பிரேயரில் எல்லார் முன்னாலும் கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது. வெட்டினால் மறுநாள் பத்துப் பேர் கட்டிக்கொண்டு வருவார்கள். என் மேசை இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. தனியாகக் கூப்பிட்டுப் பேசுவேன், அவனே அவிழ்த்து அதில் போட்டுவிட்டுப் போவான். சிலர் மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் போட்டார்கள். ஒருவன் கடைசி வரை போடவில்லை. சட்டைக் கையை இறக்கி மறைத்துக்கொண்டே பத்தாம் வகுப்பை முடித்துப் போனான்.

நாங்கள் செய்த பெரிய தவறு, ஒவ்வொரு ஆண்டும் இதைப் புதிதாகக் கண்டுபிடித்தது. ஆவணியில் வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடப்பவர்கள், புரட்டாசியில் குலசேகரப்பட்டினம் தசராவுக்கு மாலை போடுபவர்கள், கார்த்திகையில் ஐயப்பன், தையில் பழனி, அப்புறம் ரம்ஜான் நோன்பு. எல்லாம் காலண்டரில் இருக்கிறது. அதனால் ஜூன் மாதப் பெற்றோர் கூட்டத்திலேயே கேட்க ஆரம்பித்தேன்: உங்கள் வீட்டில் விரதமோ நோன்போ உண்டா, எந்த மாதம், எது மாறும், பள்ளி என்ன செய்ய வேண்டும்?

முதல் வருடம் யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாவது வருடம் பின்வரிசையில் ஒரு தகப்பனார் எழுந்தார். "நோன்பு மாசம் பிள்ளைக்கு விளையாட்டுப் பீரியடை மட்டும் நிழல்ல வச்சுக்கிட முடியுமா?" என்று கேட்டார். பி.டி. சார் சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, "எந்த வகுப்புங்க பாப்பா?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்.