கார் கதவைப் பனி ஒட்டவைப்பது எப்படி?

டொராண்டோவில் ஜனவரி மாதம். பகலில் 2 டிகிரி, ஈரப்பனி கொட்டுகிறது. இரவில் மைனஸ் 15. காலையில் சாவியை அழுத்தினால் பூட்டு திறக்கும் சத்தம் கேட்கிறது, ஆனால் கதவு அசைய மறுக்கிறது. கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

பீடிங் உள்ளே குழலாக இருக்கும். கதவை மூடும்போது அது நசுங்கி, பெயின்ட் அடித்த தகட்டோடு ஒட்டி நின்று காற்றையும் நீரையும் தடுக்கிறது. இரண்டுக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் சிக்கினால் போதும், இரவில் அது உறைந்து ரப்பரின் நுண்குழிகளில் பல் பதித்ததுபோல் பிடித்துக்கொள்ளும். பழைய ரப்பரில் வெடிப்புகள் அதிகம், பிடியும் அதிகம். குளிர் மட்டும் இதைச் செய்யாது: பீடிங் உலர்ந்திருந்தால் மைனஸ் 30 டிகிரியிலும் கதவு சாதாரணமாகத் திறக்கும். ஆகவே விரட்ட வேண்டியது ஈரத்தை.

நவம்பருக்குள், 10 டிகிரிக்கு மேல் வெயில் உள்ள ஒரு நாளில் வேலையை முடித்துவிடுங்கள். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு விட்டு, பீடிங்கின் மடிப்புகளுக்குள்ளும் துடைக்க வேண்டும். மணலும் உப்பும் துணியில் கறுப்பாக வரும். நன்றாகக் காய்ந்த பிறகு சிலிக்கோன் ஸ்ப்ரேயைத் துணியில் அடித்து, அந்தத் துணியால் ரப்பர் முழுவதும் தேயுங்கள். நேராக அடித்தால் கண்ணாடியில் படிந்து, மழையில் பார்வை மங்கும். ரப்பர் வந்து உட்காரும் தகட்டையும் ஒருமுறை துடைத்துவிடுங்கள். 10 நிமிடம் கழித்து மிச்சத்தை ஒற்றி எடுத்தால் போதும். டிக்கிக்கும் இதே வைத்தியம்தான். மாதம் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள்.

வாசலினும் எஞ்சின் ஆயிலும் வேண்டவே வேண்டாம். பெரும்பாலான பீடிங்குகள் ஈ.பி.டி.எம். என்ற ரப்பரால் ஆனவை. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அது ஊறி உப்பி மென்மையாகிவிடும். இந்த வருடம் கதவு திறக்கும், அடுத்த வருடம் மழைநீர் உள்ளே வரும்.

சாலை உப்பைக் கழுவக் குளிர்காலத்திலும் கார் வாஷ் போயே ஆக வேண்டும். வெளியே வந்ததும் எல்லாக் கதவுகளையும் திறந்து, பீடிங்கையும் கதவின் அடி விளிம்பையும் துடையுங்கள். அடி விளிம்பில் உள்ள சிறு வடிகால் துளைகள் அடைத்திருந்தால் கதவுக்குள்ளேயே நீர் தேங்கி உறையும்.

கதவின் ஜன்னல் கண்ணாடி உறைந்திருக்கும்போது பட்டனை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். மோட்டார் இழுக்கும், கண்ணாடி நகராது; நடுவிலுள்ள கேபிளோ பிளாஸ்டிக் கிளிப்போ உடைந்து, கண்ணாடி கதவுக்குள் இறங்கிவிடும். கண்ணாடியைச் சுற்றிச் சட்டமில்லாத கதவுகளில் கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி சில மில்லிமீட்டர் இறங்கினால்தான் கதவு திறக்கும். அவற்றில் மேல் பீடிங்குக்குக் கூடுதல் கவனம் தேவை.

முன்கண்ணாடியின் கதை வேறு. மேகமில்லாத இரவில் அது வானத்தை நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசி, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. அதனால்தான் காற்று 2 டிகிரியில் இருந்தாலும் அதில் உறைபனி படிகிறது; மரத்தடியில் நிற்கும் காரில் குறைவாகப் படிகிறது. ஒரு மூடுதுணியே அந்த வெப்ப இழப்பைத் தடுக்கும். வினிகர் தெளிப்பது வீண்: 5 சதவீத வினிகர் உறைநிலையை ஏறத்தாழ ஒன்றரை டிகிரிதான் குறைக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து தெளித்தால் பனி இளகும். வெந்நீர் ஊற்றினால், கல் தெறித்த கீறல் விரிசலாக ஓடும்.

இத்தனைக்குப் பிறகும் கதவு ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள்; பீடிங் கிழியும். உடம்பின் எடையைச் சாய்த்துக் கதவை உள்நோக்கி நாலைந்து இடங்களில் அழுத்துங்கள், ஐஸ் நொறுங்கும். திறந்த கதவு திரும்ப மூடாமல் துள்ளினால் கொக்கி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். அதே ஆல்கஹால் கலவையைக் கொக்கிக்குள் தெளித்து, கைப்பிடியைச் சில முறை இழுத்து விடுங்கள். கதவு பூட்டிக்கொண்ட பிறகே வண்டியை எடுங்கள்.