அர்த்தம் ஒப்பிக்கிற பிள்ளைக்கு அந்தச் சொல் தெரியும்னு நம்பாதீங்க

ரிவிஷன் டெஸ்ட் பேப்பர் கட்டைத் திருத்தி முடிச்ச சூட்டோட எழுதுறேன், கொஞ்சம் காரமா இருந்தா பொறுத்துக்கோங்க.

பத்தாம் வகுப்புக்கு சமூக அறிவியல் எடுக்கிறேன். வரலாறுல முதல் நாலு பாடமும் போரைச் சுத்தித்தான்: முதல் உலகப்போர், ரெண்டு போருக்கும் இடையில இருந்த உலகம், ரெண்டாம் உலகப்போர், அதுக்கப்புறம் வந்த உலகம். முதல் உலகப்போருக்கான காரணங்களை விவரின்னு கேட்டிருந்தோம். ஒரு பையன், நல்லா படிக்கிற பையன்தான், கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும், ஏகாதிபத்தியம்ங்கிறதுக்கு கைடுல இருக்கிற வரையறையை ஒரு எழுத்து பிசகாம எழுதியிருக்கான். அடுத்த வரியிலயே "ஏகாதிபத்தியம் ஜெர்மனியை எதிர்த்துப் போரிட்டது"ன்னு எழுதியிருக்கான். கூப்பிட்டு, "ஏகாதிபத்தியம்னா யாருப்பா?"ன்னு கேட்டேன். "ஒரு நாடு மிஸ்"ன்னான். மேப்பைக் கையில குடுத்து காட்டச் சொன்னேன். விரலை ஐரோப்பா மேல வெச்சான், அப்படியே சுத்திக்கிட்டே இருந்தான், எங்கயும் நிக்கல.

இது அவன் ஒருத்தன் பிரச்சனையா இருந்தா நான் இதை எழுதவே மாட்டேன். ஒவ்வொரு பேட்ச்லயும் இதேதான். பேரண்ட்ஸ் மீட்டிங்ல சொன்னா, "வீட்ல எல்லா அர்த்தமும் கரெக்டா ஒப்பிக்கிறானே மிஸ்"னு பதில் வருது. அதுதாங்க பிரச்சனையே!

சொல்லுக்கு அர்த்தம் மனப்பாடம் ஆயிட்டா சொல் தெரிஞ்சிடுச்சுன்னு ஒரு நம்பிக்கை நம்ம ஊர்ல ஆழமா இருக்கு. பேரண்ட்ஸ் மட்டும் இல்ல, டியூஷன் எடுக்கிறவங்க, எங்க ஸ்டாஃப் ரூம்லயே சிலர், எல்லாருக்கும் இருக்கு. 'முக்கிய கலைச்சொற்கள்'னு ஒரு பிடிஎஃப் வாட்ஸ்அப்ல சுத்தும், இடது பக்கம் சொல், வலது பக்கம் அர்த்தம், பிள்ளை ராத்திரி உக்காந்து உருப்போடும், காலையில ஒப்பிக்கும், முடிஞ்சுது. மரம், நாற்காலி மாதிரி சொல்லுக்கு இது போதும், ஏன்னா பொருள் கண்ணு முன்னாடி இருக்கு. இறையாண்மையை எங்க போய் பார்ப்பான்? நடுநிலைமையை எங்க தொட்டுப் பார்ப்பான்? இந்தச் சொல்லெல்லாம் ஒரு செயலுக்கு வெச்ச பேரு. யாரோ ஒருத்தர் யாருக்கோ எதையோ செஞ்சாங்க, அதுக்குத்தான் அந்தப் பேரு. செஞ்சவன் யார், யாருக்குச் செஞ்சான்னு தெரியாம வரையறையை மட்டும் குடுத்தா, தெரியாத ஒரு சொல்லை விளக்க தெரியாத அஞ்சு சொல்லைக் குடுத்திருக்கோம்னுதான் அர்த்தம். 'ஒரு நாடு தன் மேலாதிக்கத்தைப் பிற நாடுகளின் மீது விரிவுபடுத்தும் கொள்கை'. இதுல மேலாதிக்கம் புரியுமா, கொள்கை புரியுமா பதினாலு வயசுப் பிள்ளைக்கு? புரியாம ஒப்பிக்க முடியும். அதனாலதான் ஒப்பிக்கிறதை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்கன்னு திரும்பத் திரும்பச் சொல்றேன்.

போன வருஷம், அதாவது 2025 மே மாசம், இந்தியா பாகிஸ்தான் மோதல் அப்ப பிள்ளைங்களுக்கு லீவு. நாள் பூரா டிவி. மே 7-ல ஆபரேஷன் சிந்தூர், நாடு முழுக்க மாக் ட்ரில், மே 10 சாயங்காலம் சண்டை நிறுத்தம்னு அத்தனை சொல்லும் காதுல விழுந்திருக்கு. ஜூன்ல ஸ்கூல் திறந்ததும் ஒரு பொண்ணு கேட்டா, "மிஸ், போர் நிறுத்தம்னா போர் முடிஞ்சுதுதானே, அப்ப ஏன் எங்க மாமாவுக்கு இன்னும் லீவு குடுக்கல?" அவ மாமா ராணுவத்துல இருக்கார். எவ்வளவு அருமையான கேள்வி! இதுக்கு வரையறையில பதில் கிடையாது, வரலாறுல இருக்கு. 1918 நவம்பர் 11 அன்னிக்கு ஐரோப்பாவுல துப்பாக்கி நின்னுச்சு, அது போர் நிறுத்தம். வெர்சேல்ஸ்ல அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது 1919 ஜூன் 28. நடுவுல ஏழு மாசத்துக்கு மேல ஓடியிருக்கு. அந்த ஏழு மாசமும் ஜெர்மனி மேல பிரிட்டன் போட்ட கடல் முற்றுகையை முழுசா எடுக்கல. கொரியாவைப் பாருங்க, 1953 ஜூலை 27-ல போர் நிறுத்தம், அமைதி ஒப்பந்தம் இன்னிக்கு வரைக்கும் இல்ல. இதை போர்டுல ஒரு கோடு போட்டு ரெண்டு தேதியையும் குறிச்சுக் காட்டினேன், அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் ரெண்டையும் மாத்தி எழுதினதே இல்ல. இதே கட்டுல மத்த பேப்பர்ல எல்லாம் "1918-ல் வெர்சேல்ஸ் ஒப்பந்தத்துடன் போர் முடிந்தது"ன்னு இருக்கு, அவ கிளாஸ் தவிர.

எப்படிச் சொல்லிக் குடுக்கிறதுன்னு கேக்கிறவங்களுக்கு, நான் கிளாஸ்ல செய்யறதைச் சொல்றேன். ஒரு சம்பவத்தைப் பிடிச்சுக்கிட்டு சொல்லெல்லாம் அதுக்குள்ள இருந்து எடுப்பேன். சரஜேவோ எனக்குப் பிடிச்ச இடம். போஸ்னியாவை ஆஸ்திரியா-ஹங்கேரி 1878-ல ஆக்கிரமிச்சு நிர்வாகம் பண்ண ஆரம்பிச்சுது, ஆனா பேருக்கு அது துருக்கி சுல்தானோட மண்ணுதான். 1908-ல, முப்பது வருஷம் கழிச்சு, இது எங்க நாடுன்னே அறிவிச்சுட்டாங்க, அது இணைப்பு. ஆக்கிரமிப்புக்கும் இணைப்புக்கும் வித்தியாசம் இப்ப சொல்லாமலே வந்துடுச்சா? பக்கத்துல செர்பியா, ஸ்லாவ் மக்கள் எல்லாம் ஒண்ணா இருக்கணும்னு அங்க ஒரு உணர்வு, அது தேசியவாதம். 1914 ஜூன் 28 அன்னிக்கு போஸ்னியாவோட தலைநகர் சரஜேவோவுல ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டைச் சுட்டது காவ்ரிலோ பிரின்சிப்னு ஒரு போஸ்னிய செர்பியப் பையன், பத்தொன்பது வயசு. இது உடனடிக் காரணம். 1908 அடிப்படைக் காரணத்துல ஒண்ணு. கொலையை மட்டும் எழுதி நிறுத்துற பிள்ளைகிட்ட "ஒரு கொலைக்காக உலகமே சண்டை போடுமா?"ன்னு கேப்பேன், அதுவே திரும்பிப் போய் 1908-ஐத் தேடிக்கிட்டு வரும்.

கூட்டணிங்கிற சொல்லுக்கு நம்ம பிள்ளைங்களுக்குப் பாடமே எடுக்க வேண்டாம், தமிழ்நாட்டுல பொறந்த எந்தப் பிள்ளைக்கும் தேர்தல் கூட்டணி தெரியும். தேர்தலுக்கு முன்னாடி ஒரு பக்கம், அப்புறம் இன்னொரு பக்கம். இத்தாலி 1882-லருந்து ஜெர்மனி, ஆஸ்திரியாவோட கூட்டணி, போர் வந்தப்ப ஒதுங்கி நின்னுட்டு 1915-ல எதிர்ப்பக்கம் சேர்ந்துடுச்சுன்னு சொன்னா கிளாஸே கலகலன்னு ஆயிடும், ஆனா மறக்காது. அதே மாதிரி 'சரியான எம்டன்'னு வீட்ல பாட்டி திட்டுறதைக் கேட்ட பிள்ளைங்க இன்னும் இருக்காங்க. அது ஜெர்மன் போர்க்கப்பல், 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் துறைமுகத்து எண்ணெய் டாங்குகளைச் சுட்டுக் கொளுத்திட்டுப் போச்சு, ஹைகோர்ட் சுவர்ல அதுக்குக் கல்வெட்டு இருக்குன்னு சொல்லுங்க. உலகப்போர்ங்கிற சொல்லுல இருக்கிற 'உலகம்' அப்பதான் உறைக்கும்.

நடுநிலைமையும் அணிசேராமையும் ஒண்ணுன்னு எழுதாத பேப்பரே இல்ல. 1839 ஒப்பந்தப்படி பெல்ஜியம் நடுநிலை நாடு, 1914 ஆகஸ்ட் 4-ல ஜெர்மனி அதுக்குள்ள நுழைஞ்சதும்தான் பிரிட்டன் போர் அறிவிச்சுது. நடுநிலைமைன்னா எந்தப் போர்லயும் சேர மாட்டேன்ங்கிறது. அணிசேராமை பனிப்போர் காலத்துச் சொல், அமெரிக்கா, சோவியத்னு இருந்த ரெண்டு அணியிலயும் நிரந்தரமா சேர மாட்டேன், ஆனா எது சரி எது தப்புன்னு வாய் திறந்து பேசுவேன்ங்கிறது. 1955-ல பாண்டுங்ல கூடின ஆசிய-ஆப்பிரிக்க மாநாடு அதுக்கு அடித்தளம், 1961-ல பெல்கிரேடுல நடந்தது முதல் அணிசேரா மாநாடு. அணிசேரா இந்தியா 1971-ல போர் செஞ்ச நாடுதான், ஸ்விட்சர்லாந்து மாதிரி இருந்ததில்ல.

அரசியல் சொற்களுக்கு வர்றேன். இங்க தடையே வீட்லதான். "அரசியல் எல்லாம் பேசாத, படிக்கிற வேலையைப் பாரு"ம்பாங்க, அரசியல் அவன் படிக்க வேண்டிய புத்தகத்துலயே பாடமா இருக்கு! குடியரசும் மக்களாட்சியும் ஒண்ணுன்னு பெரியவங்களே நினைக்கிறாங்க. பிரிட்டன்ல மக்களாட்சி உண்டு, ராஜாவும் உண்டு, அதனால அது குடியரசு இல்ல. நாம 1947 ஆகஸ்ட் 15-ல சுதந்திரம் வாங்கியும் 1950 ஜனவரி 26 வரைக்கும் ஆறாம் ஜார்ஜ்தான் பேரளவுல மன்னர். இதைச் சொன்னா ஜனவரி 26-க்கு ஏன் கொடி ஏத்துறோம்னு பிள்ளைக்குத் தானா விளங்கும், அதுக்குன்னு தனியா ஒரு பத்தி மனப்பாடம் பண்ண வேண்டாம்.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். "இந்த நாட்டுக்கு ஒரு ஹிட்லர் வந்தாத்தான் சரிப்படும்"னு பிள்ளைங்க முன்னாடி சொல்றவங்க தயவுசெஞ்சு நிறுத்துங்க. கண்டிப்பான வாத்தியாருக்கு ஹிட்லர்னு பட்டப்பேர் வைக்கிற பிள்ளைக்கு சர்வாதிகாரின்னா கோபக்காரர்னுதான் பதிஞ்சிருக்கு. நிஜ ஹிட்லர் 1933 ஜனவரி 30-ல ஜெர்மனியோட பிரதமர் பதவிக்கு வந்தார், மார்ச் 23-ல நாடாளுமன்றம் இல்லாமலே சட்டம் போடுற அதிகாரத்தை வாங்கினார், ஜூலைக்குள்ள மத்த கட்சி எதுவும் இல்ல. கிட்டத்தட்ட 60 லட்சம் யூதர்களைக் கொன்ன ஆட்சி அது. சர்வாதிகாரம்ங்கிற சொல்லுக்கு உள்ள இதெல்லாம் இருக்கு.

அகதிங்கிற சொல்லை எடுக்கும்போது மட்டும் ஆசிரியர்கள்கிட்ட ஒரு வேண்டுகோள். நம்ம கிளாஸ்ல முகாம்ல இருந்து வர்ற பிள்ளை இருக்கலாம். அகதிகள் முகாம்ங்கிற பேரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்னு 2021-ல அரசு மாத்தினதுக்கு ஒரு காரணம் இருக்கு. அந்தப் பிள்ளையை எழுப்பி நிக்க வெச்சு உதாரணமாக் காட்டாதீங்கப்பா. 1951 அகதிகள் உடன்படிக்கையைச் சொல்லுங்க, உயிருக்குப் பயந்து எல்லை தாண்டினவங்களும் திருப்பூருக்கு வேலை தேடி வந்தவங்களும் வேற வேறன்னு சொல்லுங்க. அந்தப் பிள்ளை தானா பேசினா பேசட்டும், இல்லன்னா விடுங்க.

இனி கட்டுரை. முன்னுரை, பொருளுரை, முடிவுரைன்னு தலைப்பு போட்டுட்டா கட்டுரை ஆயிடாது. கேள்வியோட கடைசிச் சொல்லை முதல்ல படிக்கச் சொல்லுங்க. 'விவரி'ன்னு இருக்கா, 'ஒப்பிடுக'ன்னு இருக்கா, 'காரணம் கூறுக'ன்னு இருக்கா? காரணம் கேட்டா விளைவை எழுதிட்டு வர்ற பிள்ளைங்க எத்தனை! அதோட 'அதனால்', 'இருப்பினும்', 'மாறாக', 'இதன் விளைவாக' இந்த நாலும் எந்தக் கலைச்சொல்லை விடவும் முக்கியம், ஆனா எந்தப் பிடிஎஃப்லயும் இருக்காது. "தேசியவாதம், ஏகாதிபத்தியம், இராணுவவாதம் ஆகியன காரணங்களாகும்"னு எழுதின பிள்ளையை விட, "ஆஸ்திரியா 1908-இல் போஸ்னியாவை இணைத்துக்கொண்டது, அதனால் செர்பியாவில் தேசியவாதம் வலுத்தது"ன்னு எழுதின பிள்ளைக்குத்தான் விஷயம் தெரியும். பெரிய சொல் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அதுவும் இருக்க வேண்டிய இடத்துல இருக்கு.

வீட்ல இருக்கிறவங்களுக்கு: அர்த்தம் கேக்காதீங்க. "அதை யார் செஞ்சாங்க, யாருக்குச் செஞ்சாங்க, எப்ப?" இந்த மூணைக் கேளுங்க, மேப்பைப் பக்கத்துல வெச்சுக்கோங்க. நியூஸ் ஓடும்போது ஒரு சொல் புரியலன்னு பிள்ளை கேட்டா "உனக்கெதுக்கு"ன்னு வாயை அடைக்காதீங்க, உங்களுக்கும் தெரியலன்னா சேர்ந்து தேடுங்க. சின்னப் பிள்ளைன்னா குண்டு விழுந்த வீடியோவைக் காட்டி விளக்க வேண்டாம், மேப்பும் தேதியும் போதும்.

திருத்துறவங்களுக்கு: கலைச்சொல் இருக்குன்னு பார்த்ததும் டிக் போட்டுட்டுப் போகாதீங்க. சொல்லுக்குப் பக்கத்துல செஞ்சவன் பேர் இல்லன்னா சிவப்பு இங்க்ல 'யார்?'னு எழுதிப் பேப்பரைத் திருப்பிக் குடுங்க, அந்த ஒரு வரியை மட்டும் திரும்ப எழுதிட்டு வரச் சொல்லுங்க.