மழைத்தண்ணிய வடிகட்டுற செலவு யார் தலையில?

கடலோர சிட்டில மழை பெஞ்சா ரோட்டுல ஓடுற தண்ணி எங்க போகுதுன்னு கேட்டா நெறைய பேர் ட்ரீட்மென்ட் பிளான்ட்டுக்குன்னு தான் சொல்வாங்க, ஆனா நெறைய ஊர்ல சாக்கடைக்கு ஒரு பைப், மழைத்தண்ணிக்கு தனி பைப், இந்த ரெண்டாவது பைப் எந்த சுத்திகரிப்பும் இல்லாம நேரா கடல்ல போய் விழுது. அதுலயும் மழை ஆரம்பிச்ச உடனே வர்ற தண்ணி தான் ரொம்ப மோசம். பிரேக்குல இருந்து தேயுற செம்புத்தூள், டயர்ல இருந்து வர்ற துத்தநாகம், இன்ஜின் ஆயில், நாய் கக்கா எல்லாத்தையும் ஒரே தள்ளா தள்ளிட்டு வரும்.

1995ல கலிஃபோர்னியாவோட சான்டா மோனிகா வளைகுடால கடல்ல குளிச்சவங்கள வச்சு ஒரு பெரிய ஆய்வு பண்ணாங்க. வடிகால் வாய்கிட்டயே குளிச்சவங்களுக்கு காய்ச்சல், காதுல சீழ், சளி இருமல் எல்லாம் தள்ளிப்போய் குளிச்சவங்கள விட அதிகமா வந்திருந்துச்சு.

சரி இத எப்படி வடிகட்டுறது? பெரிய மெஷின் எல்லாம் வேணாம். ரோட்டோரமா ஒரு பள்ளம் வெட்டி அதுல மணலும் மக்குன உரமும் கலந்து ரெண்டு மூணு அடி ஆழத்துக்கு கொட்டி, மேல செடி, அடியில ஓட்டை போட்ட பைப், அவ்ளோ தான். தண்ணி மேல கொஞ்ச நேரம் தேங்கும்போது வண்டல் படிஞ்சிடும், கீழ எறங்கும்போது உரத்துல இருக்குற கரிமப்பொருள் உலோகத்த புடிச்சு வச்சுக்கும், மண்ணுல இருக்குற நுண்ணுயிரிங்க எண்ணெய தின்னுடும். இது பலன் தருமான்னு கேட்டா, அமெரிக்காவோட சியாட்டில் பக்கம் ஓடைங்களுக்கு முட்டை போட வர்ற கோஹோ சால்மன் மீன் மழை பெஞ்சாலே செத்து மிதந்துச்சு, காரணம் புரியாம வருஷக்கணக்கா மண்டைய ஒடச்சுக்கிட்டு 2020ல தான் அது டயர்ல கலக்குற ஒரு கெமிக்கல் ஓசோனோட சேர்ந்து உண்டாகுற சிக்ஸ் பிபிடி குயினோன்னு கண்டுபுடிச்சாங்க. இதுல எனக்கு புடிச்ச விஷயம் என்னன்னா, விஷத்தோட பேர் தெரியுறதுக்கு முன்னாடியே அதே ரோட்டுத் தண்ணிய 60 பங்கு மணல் 40 பங்கு உரம் கலந்த மண்ணு வழியா விட்டு பாத்திருக்காங்க, மீன் பொழச்சுக்கிச்சு.

கடலோரத்துல கூடுதல் தலைவலி இருக்கு. அலையேத்தம் வந்தா வடிகால் வாயே முங்கிடும், கடல் தண்ணி பைப்புக்குள்ள திரும்பி வரும், அதனால ஒருவழி வால்வு வேணும், சில எடத்துல பம்பும் வேணும். நிலத்தடி நீர் மேலயே இருந்தா ஆழமா தோண்டவும் முடியாது. செலவு ஏறுறது பெரும்பாலும் இங்க தான்.

இப்ப காசுக்கு வருவோம். குடிதண்ணிக்கு மீட்டர் இருக்கு, சாக்கடைக்கும் அத வச்சே பில் போடலாம், மழைத்தண்ணிக்கு மீட்டர் எங்க இருக்கு? ஒரு ஏக்கர் பார்க்கிங்ல ஒரு இன்ச் மழை பெஞ்சா கிட்டத்தட்ட 1 லட்சம் லிட்டர் வடிகாலுக்கு போகும், ஆனா அங்க ஒரு குழாய் கூட இல்லன்னா தண்ணி பில் பூஜ்ஜியம். அதான் தண்ணி எறங்காத பரப்பு, அதாவது கூரை, கான்கிரீட், தார், இத வான்வழி படத்துல இருந்து அளந்து சதுர அடிக்கு இவ்ளோன்னு கட்டணம் போடுறாங்க. லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டில (நம்மூர் மாவட்டம் மாதிரி) 2018ல ஓட்டெடுப்புல ஜெயிச்ச மெஷர் டபிள்யூங்கற தீர்மானம் இந்த வகை தான், சதுர அடிக்கு வருஷம் 2.5 சென்ட், அப்ப அந்த ஒரு ஏக்கர் பார்க்கிங்குக்கு சுமார் 1,089 டாலர். ஓனர் தன் எடத்துலயே தண்ணிய நிறுத்தி வச்சா கட்டணத்துல தள்ளுபடியும் உண்டு. இதவிட நியாயமான கணக்கு எனக்கு தெரிஞ்சு இல்ல.

ஆனா அரசியல் சும்மா விடாது. கலிஃபோர்னியால 1996ல மக்கள் ஓட்டுல வந்த ப்ரொபொசிஷன் 218ங்கற சட்டம் குடிதண்ணி, சாக்கடை, குப்பை கட்டணத்துக்கு ஓட்டெடுப்பு வேணாம்னு விலக்கு கொடுத்துச்சு, பட்டியல்ல மழைநீர்னு எழுதல, அதனால மழைநீர் கட்டணத்துக்கு வோட்டர்கிட்ட போனா மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வாங்கணும்னு ஆச்சு. அமெரிக்காவோட இன்னொரு மாநிலமான மேரிலாண்ட்ல 2012ல பெரிய கவுன்ட்டிங்க எல்லாம் மழைநீர் கட்டணம் வசூலிக்கணும்னு சட்டம் போட்டாங்க, எதிர்த்தவங்க அதுக்கு 'மழை வரி'ன்னு பேர் வச்சாங்க, அந்தப் பேரே பாதி வேலைய முடிச்சிடுச்சு, 2015ல கட்டாயத்த எடுத்துட்டாங்க. துறைமுக ஊரான பால்டிமோர் மாதிரி சில எடத்துல மட்டும் விடாம வசூல் பண்ணிட்டே இருந்தாங்க.

இன்னொரு சிக்கல் மெயின்டனன்ஸ். மேல படியுற வண்டல் கொஞ்ச நாள்ல ஒரு தகடு மாதிரி இறுகிடும், அதுக்கப்புறம் தண்ணி கீழ எறங்காது, ஃபில்டர தாண்டி நேரா கடலுக்கே ஓடிடும். அந்த மேல் அடுக்க ஆள் வச்சு சுரண்டி எடுக்கணும், உரத்த மாத்தணும். கட்டுறதுக்கு கிராண்ட் கெடைக்கும், ரிப்பன் வெட்ட ஆளும் வருவாங்க, சுரண்டுறவன் சம்பளத்துக்கு கிராண்ட் கெடைக்கிறது அபூர்வம். கட்டணம் வருஷா வருஷம் வர்றதால அத காட்டி பாண்ட் போட்டு கடன் வாங்கி ஒரே நேரத்துல நெறைய கட்டலாம் தான், ஆனா வர்ற வருமானம் மொத்தமும் கடன் தவணைக்கே போயிட்டா நாலஞ்சு வருஷத்துல செடி மட்டும் தான் மிச்சம், அதனால என்ன கேட்டா மெயின்டனன்ஸுக்கு இத்தன சதவீதம்னு கட்டண விதியிலயே எழுதாத திட்டத்துக்கு ஓட்டு போடுறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வியாவது கேக்கணும்.