கயிறு கட்டி இழுக்கும் முன்: நெடுஞ்சாலையில் பழுதாகி நிற்கும் கார்

கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஒரு கார் பழுதாகி நின்றால், சற்று நேரத்தில் யாராவது ஒருவர் தம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "கயிறு இருக்கிறதா?" என்று கேட்டபடி இறங்கி வருவார். உதவும் மனத்துக்கு இப்பகுதியில் குறைவில்லை. மாங்காய்ப் பருவமென்றால் லோடு கட்டும் பிளாஸ்டிக் கயிறு எல்லா மினி லாரிகளிலும் சுருள் சுருளாகக் கிடக்கும். காவேரிப்பட்டணம் அருகே பணிமனை நடத்திவரும் நான், அப்படிக் கயிற்றில் வந்து சேரும் கார்களில் எஞ்சினைத் திறப்பதற்கு முன்பே குனிந்து பம்பருக்கு அடியில் பார்த்துவிடுவேன். ஒரு பழுதோடு நின்ற வண்டி மூன்று பழுதோடு வந்து சேர்வது அவ்வளவு சாதாரணமாகிவிட்டது.

பாலக்கோடு பக்கமிருந்து வந்த ஒரு சிறிய காரை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். ரேடியேட்டர் விசிறிக்கான ஃபியூஸ் போய், எஞ்சின் சூடேறியதால் வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். அந்த இடத்திலேயே ஃபியூஸை மாற்றியிருந்தால் சில பத்து ரூபாயில் முடிந்திருக்கும். ஆனால் கயிற்றை, முன்சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் இரும்புக் கையான லோயர் ஆர்மில் கட்டி இழுத்ததில் ஆர்ம் வளைந்து, சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. போதாக்குறைக்கு, முன்னால் சென்ற சரக்கு வண்டி வேகத்தடையைக் கண்டு பிரேக் பிடித்தபோது, கார் அதன் பின்புற இரும்புச் சட்டத்துக்குள் புகுந்து பானட், ரேடியேட்டர், ஏசி கன்டென்சர் மூன்றும் நசுங்கிப்போயின. "நான் பிரேக்கை மிதித்தேன், வண்டி நிற்கவில்லை" என்றார் காரில் அமர்ந்திருந்தவர். சுற்றியிருந்தவர்கள் யாரும் நம்பவில்லை; ஆனால் அவர் சொன்னது முழு உண்மை.

காரின் பிரேக் மிதியை நாம் மெதுவாக அழுத்தினாலே வண்டி நிற்பதற்குக் காரணம் பூஸ்டர் என்னும் பாகம். பெரும்பாலான கார்களில், ஓடும் எஞ்சின் உண்டாக்கும் வெற்றிடத்தின் துணையால்தான் அது நம் கால் அழுத்தத்தைப் பெருக்கித் தருகிறது. எஞ்சின் நின்றுவிட்டால் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று முறை மிதிப்பதற்குள் தீர்ந்துவிடும். அதன்பின் மிதி கல்போல இறுகிவிடும். பிரேக் அறுந்துபோகவில்லை, ஆனால் பழைய அளவு நிற்க வேண்டுமானால் பல மடங்கு பலத்தோடு மிதிக்க வேண்டும் என்பதை அந்த நொடியில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஸ்டியரிங்கும் அப்படியே: எஞ்சினால் இயங்கும் ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியைத் திருப்பத் தோள்பட்டை வலிக்கும், மின்சார ஸ்டியரிங் உள்ள வண்டியும் பேட்டரி இறங்கிவிட்டால் அந்த நிலைக்குத்தான் வரும். சாவியை எடுத்துவிட்டு இழுப்பது இதைவிடக் கொடுமை, ஏனெனில் முதல் திருப்பத்திலேயே ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளக்கூடும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, 2017 வரை நடப்பில் இருந்த 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகள் சொன்னதைப் பாருங்கள். பழுதான வாகனத்தை அருகிலுள்ள பணிமனைக்கோ பெட்ரோல் நிலையத்துக்கோ மட்டுமே இழுத்துச் செல்லலாம். இரு வண்டிகளுக்கும் இடைவெளி 5 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. ஸ்டியரிங் சக்கரங்கள் கிரேனால் தூக்கப்பட்டிருந்தாலன்றி, இழுக்கப்படும் வண்டியில் ஓட்டுநர் உரிமம் உள்ளவர் அமர்ந்திருக்க வேண்டும். பின்புறத்தில் வெள்ளைப் பின்னணியில் 75 மில்லிமீட்டருக்குக் குறையாத கறுப்பு எழுத்துகளில் 'ஆன் டோ' (இழுத்துச் செல்லப்படுகிறது) என்று எழுதி வைக்கவும் அவை கூறின. அந்த 24 கிலோமீட்டர் வேகத்தில் கூட, 5 மீட்டரைக் கடக்க முக்கால் நொடிதான் ஆகும். முன்வண்டியின் சிவப்பு விளக்கைக் கண்டு, காலை எடுத்து பிரேக்கில் வைக்கவே ஒருவருக்கு ஏறத்தாழ ஒரு நொடி தேவை. நம் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்துச் செல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே அந்த 5 மீட்டருக்குக் கிடைப்பது நொடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வேகத்தைக் குறைத்தாலும் தொல்லை தீர்வதில்லை. பின்னால் 80, 90 கிலோமீட்டரில் கன்டெய்னர் லாரிகள் வரும் பாதையில் 24 கிலோமீட்டரில் ஊர்ந்து செல்வது, நடுச்சாலையில் நிற்பதற்கு ஏறக்குறைய சமம். பரபரப்பான நான்குவழிச் சாலை இதற்கான இடமே அல்ல என்று நான் சொல்வது அதனால்தான்.

ஊருக்குள் வந்தால் ஆபத்து வேறு உருவம் எடுக்கிறது. கிருஷ்ணகிரி ராயக்கோட்டை மேம்பாலத்தின் கீழே நெரிசல் நேரத்தில் மெதுவாக நகரும் இரண்டு கார்களுக்கு நடுவே ஓர் ஆள் புகும் அளவு இடைவெளி தெரிந்தால், இருசக்கர வாகனத்தில் வருபவர் அதற்குள் முன்சக்கரத்தை நுழைக்கத்தான் பார்ப்பார். முழங்கால் உயரத்தில் விறைத்து நிற்கும் கயிறு அவர் கண்ணுக்குப் படாது. அது நீல நிறப் பிளாஸ்டிக் கயிறாக இருந்து, பொழுதும் சாய்ந்திருந்தால் சொல்லவே வேண்டாம். கயிற்றின் நடுவில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் கட்டியவர்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். அபாய விளக்கு எரிகிறதே என்று வாதிடுபவர்கள், நான்கு மூலையும் சேர்ந்து மின்னும்போது வண்டி எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

தருமபுரியைத் தாண்டிச் சேலம் நோக்கிச் செல்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தொப்பூர் கணவாயில் கயிறு கட்டிய வண்டியோடு இறங்கவே கூடாது. நல்ல நிலையிலுள்ள லாரிகளே பிரேக் சூடேறிக் கட்டுப்பாட்டை இழக்கும் அந்தத் தொடர் இறக்கத்தில், பூஸ்டர் இல்லாத கார் இழுபடுவதில்லை. அது முன்வண்டியைத் தள்ளத் தொடங்குகிறது. கயிறு தளர்ந்து சக்கரத்தில் சுற்றும், அல்லது தளர்ந்த கயிறு மறுபடி சுண்டி இழுபட்டு, கட்டிய இடம் பிய்ந்துகொண்டு வரும். அப்படிப் பிய்ந்த கொக்கி முன்கண்ணாடியைத் துளைக்கும் வேகத்தில் பறக்கும்.

நம்மிடையே உள்ள இன்னொரு பழக்கம் எனக்குப் புரிவதே இல்லை. அனுபவசாலி முன்வண்டியை எடுத்துக்கொள்வார். பழுதான வண்டியில், "சும்மா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்" என்று வீட்டுப் பையனை உட்கார வைப்பார். உண்மையில் கடினமான வேலை பின்னால்தான் இருக்கிறது. கயிறு தளராதபடி மெல்ல மெல்ல பிரேக்கைக் கொடுத்துக்கொண்டு, முன்வண்டி நிற்கப்போவதை அதன் ஓட்டுநருக்கு முன்பே ஊகிக்க வேண்டியவர் அவர். முன்னால் இருப்பவர் ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்துவதோடு நிறுத்திக்கொண்டால் போதும். இருவரும் கிளம்புமுன் இதைப் பேசி, ஹாரன் சைகையையும் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளையும் மின்சாரக் கார்களையும் சக்கரம் உருள இழுக்காதீர்கள். முன்னதில் பலவற்றில் எஞ்சின் ஓடாதபோது கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் சுழலாது, அதனால் உள்ளே பாகங்கள் தேய்ந்து கெடும். பின்னதில் உருளும் சக்கரம் மோட்டாரைச் சுழற்றி மின்சாரம் உண்டாக்கும், அது வண்டியின் மின் பாகங்களைக் கெடுக்கக்கூடும். இவற்றுக்கு முழு வண்டியையும் மேலே ஏற்றிக்கொள்ளும் பிளாட்பெட் வாகனமே சரி.

வண்டி நின்றவுடன் முடிந்தவரை இடது ஓரத்துக்கு உருட்டிவிட்டு, அனைவரையும் தடுப்புக் கம்பிக்கு அப்பால் இறக்கிவிடுங்கள். காருக்குள் அமர்ந்து காத்திருப்பது ஆபத்து. எச்சரிக்கை முக்கோணத்தை டிக்கியை ஒட்டி வைப்பதால் பயனில்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் 50 மீட்டரை இரண்டே கால் நொடியில் கடந்துவிடுவார் என்பதால், அதைவிடத் தள்ளியே வைக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் எந்த நேரமும் 1033 என்ற எண்ணை அழைக்கலாம். கிரேன், ரோந்து வாகனம், ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் அதே எண்தான். வேறு வழியே இல்லாமல் கயிறு கட்ட நேர்ந்தால், சர்வீஸ் சாலை வரை மட்டும் இழுத்து நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கான கொக்கி பெரும்பாலான கார்களில் ஜாக்கியோடு டிக்கியில் இருக்கும். பம்பரில் உள்ள சிறிய மூடியைக் கழற்றித் திருக வேண்டும். சிலவற்றில் மரை எதிர்ப்புறமாகச் சுழலும் என்பதால், இறுகவில்லையென்று பாதியில் விட்டுவிடக் கூடாது.

சரக்கு வாகனக்காரர் உதவிக்கு வரும்போது காப்பீட்டையும் நினைவில் கொள்ளுங்கள். வழக்கமான சரக்கு வாகன பாலிசியில், பழுதான ஒரு வாகனத்தை இழுப்பதற்கு இடமுண்டு. ஆனால் கூலி வாங்கிக்கொண்டு இழுத்தால் அது பொருந்தாது, இழுக்கப்படும் காருக்கு நேரும் சேதத்தை அந்த பாலிசி எந்த நிலையிலும் ஏற்காது. உங்கள் சொந்த பாலிசியில் சாலையோர உதவிச் சேவை சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் அதன் தொலைபேசி எண்ணை எழுதி வண்டியிலேயே வையுங்கள். அழைக்கும்போது கிலோமீட்டர் கல்லில் உள்ள எண், எந்தத் திசையில் செல்லும் பாதை, வண்டி ஆட்டோமேட்டிக்கா என்ற மூன்றையும் முதலிலேயே சொல்லிவிட்டால், பொருத்தமான மீட்பு வாகனம் சரியான பக்கத்தில் வந்து நிற்கும்.