ஃபைட்டோகீலேட்டின்: தாவரக் கொடுக்கிணைப்பி

ஃபைட்டோகீலேட்டின் என்பது காட்மியம் போன்ற நச்சு உலோகங்களைப் பிடித்துவைக்கச் செடிகள் செய்துகொள்ளும் பெப்டைடு, அதாவது அமினோ அமிலங்களைக் கோத்த சிறு சங்கிலி. உச்சரிப்பு காரணமாக இதை ஜெலட்டினோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. இரண்டுக்கும் உறவில்லை. கிரேக்கத்தில் 'ஃபைட்டான்' என்றால் செடி. 'கேலே' என்றால் நண்டு, சிங்கிறால் போன்றவற்றின் கொடுக்கு. உலோக அணுவை இரு பக்கமும் கவ்வும் சேர்மங்களுக்கு 'கீலேட்' என்று 1920இல் பெயர் வைத்தவர்கள் மார்கன், ட்ரூ என்ற வேதியியலாளர்கள். 1985இல் சர்ப்பகந்திச் செடியின் செல்களைக் காட்மியத்தில் வளர்த்துப் பார்த்த கிரில், வின்னாக்கர், சென்க் என்ற ஜெர்மன் ஆய்வாளர்கள், அவற்றில் கிடைத்த பெப்டைடுகளுக்கு 'ஃபைட்டோகீலேட்டின்' என்ற பெயரைச் சூட்டினார்கள்.

நீர்த்தாவரங்களைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல் அடிக்கடி வரும். மீன் தொட்டிகளில் விடும் ஹைட்ரில்லா தண்ணீரிலுள்ள காட்மியத்தை இலை வழியாகவே உறிஞ்சும். செரட்டோஃபில்லத்துக்கோ வேரே கிடையாது. உடம்பு முழுக்க உலோகம் ஏறும். உள்ளே வந்ததைக் கட்டிப்போடத்தான் இந்தக் கொடுக்கு.

'உலோகம் பட்டதும் மரபணு விழித்துக்கொண்டு ஃபைட்டோகீலேட்டினைச் செய்கிறது' என்று எழுதிவிடுகிறோம். அது சரியல்ல. இந்தப் பெப்டைடுக்கென்று நேரடி மரபணு எதுவும் இல்லை. மரபணு தருவது ஒரு நொதியை மட்டுமே. ஃபைட்டோகீலேட்டின் சிந்தேஸ் எனப்படும் அந்த நொதியின் மரபணுவை 1999இல் மூன்று குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. நொதி பெரும்பாலும் முன்கூட்டியே செல்லில் இருக்கும். காட்மியம் வந்தால்தான் வேலையைத் தொடங்கும். செல்லில் எப்போதும் இருக்கும் குளூட்டத்தயோன் என்ற மூன்று அமினோ அமிலச் சேர்மத்தை எடுத்து, அதன் குளூட்டமிக் அமிலம்–சிஸ்டீன் இணையை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும். 2 முதல் 11 இணைகள் வரை சங்கிலி நீளும். உலோகத்தைப் பிடிப்பது சிஸ்டீனிலுள்ள கந்தகம். சில செடிகளில் மரபணுவின் செயல்பாடும் கூடும், ஆனால் அது இரண்டாவது கட்டம். ஆய்வகங்களில் சோதனைக்கு வளர்க்கும் சிறு செடியான அராபிடாப்சிஸில் இந்த நொதியின் மரபணு பழுதான செடிகள் சிறிதளவு காட்மியத்தையும் தாங்குவதில்லை. உலோகத்தைப் பிடிக்கும் இன்னொரு வகையான மெட்டலோதயோனின்கள் அப்படியல்ல. அவற்றுக்கு நேரடி மரபணுக்களே உண்டு.

தமிழில் என்ன சொல்லலாம்? 'நச்சுநீக்கி' என்பது பொருந்தாது. இது உலோகத்தை அழிப்பதில்லை, செல்லின் சேமிப்புப் பையான நுண்குமிழுக்குள் கொண்டுபோய் அடைக்கவே உதவுகிறது. வேதியியலில் கீலேட் பிணைப்புக்குக் 'கொடுக்கிணைப்பு' என்ற அழகான சொல் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஒட்டித் 'தாவரக் கொடுக்கிணைப்பி' என்பதே என் தேர்வு. நொதிக்குத் 'தாவரக் கொடுக்கிணைப்பி ஆக்கி' எனலாம்; கொஞ்சம் நீளம்தான்.

உலோகம் அடைபட்டே இருப்பதால், குளத்தைத் தூய்மை செய்ய வளர்த்த செடிகளை அழுகும் முன் வெளியே அள்ளிவிட வேண்டும். அழுகினால் காட்மியம் மறுபடி தண்ணீருக்கும் சேற்றுக்குமே போகும்.