கதவுக்குக் கீழே ஓடும் சைலன்சர்: அதன் சத்தத்தைக் குறைப்பது எப்படி?

1965இல் செவர்லே நிறுவனம் தன் கார்வெட் ஸ்டிங் ரே காருக்கான கூடுதல் வசதிப் பட்டியலில் ஒன்றைச் சேர்த்தது. அதன் குறியீடு என்14. அதைக் கேட்டு வாங்கியவர்களின் காரில் எக்ஸாஸ்ட் குழாய்கள் வால்பக்கம் போகவில்லை. முன்சக்கரத்துக்குப் பின்னால் வெளியே வந்து, கதவுக்குக் கீழே இருபுறமும் ஓடி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் முடிந்தன. இந்தப் பக்கவாட்டுக் குழாய்தான் சைடு பைப். மேலே பளபளக்கும் உலோக மூடி. பார்க்க அழகுதான், ஆனால் இறங்கும்போது கெண்டைக்கால் பட்டால் பொசுங்கிவிடும். 1967 வரை இந்த வசதி கிடைத்தது. அப்படி ஒரு காரை இன்றும் ஓட்டுபவர்கள் முதலில் அதன் அழகைப் புகழ்வார்கள். கொஞ்ச நேரம் பேசவிட்டால், நெடுஞ்சாலையில் பக்கத்து சீட்டில் இருப்பவர் சொல்வது காதில் விழுவதில்லை என்பதும் வெளியே வந்துவிடும்.

குழாய் காதுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் காரணம் என்று தோன்றும். கணக்குப் போட்டால் அது முழுக் காரணம் இல்லை. சைடு பைப்பின் வாய் ஓட்டுநரின் காதிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கிறது. பின்பக்கக் குழாய் என்றால் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர். திறந்தவெளியில் தூரம் பாதியானால் சத்தம் 6 டெசிபல் கூடும். சத்தம் இரு மடங்கானதாகக் காதுக்குத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். ஆக, தூரம் குறைந்ததால் வந்த நஷ்டம் கணிசமானது, ஆனால் தலைவலி வரவழைக்க அது மட்டும் போதாது. மீதிக் குற்றவாளிகள் இரண்டு. ஒன்று, அந்த ஒல்லிக் குழாய்க்குள் சைலன்சருக்கு இடமே இல்லை. மற்றொன்று பலரும் யோசிக்காதது: ஒவ்வொரு குழாயும் பாதி எஞ்சினின் குரலை மட்டுமே வெளியிடுகிறது.

முதலில் சத்தம் எங்கே பிறக்கிறது என்று பார்த்துவிடலாம். பிஸ்டன் கீழ்முனையைத் தொடுவதற்கு முன்பே எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும். அப்போது சிலிண்டருக்குள் இருக்கும் வாயுவின் அழுத்தம் வெளிக்காற்றைப் போலப் பல மடங்கு. வால்வு திறந்த நொடியில் அது பீறிட்டு வர, ஓர் அழுத்த அலை குழாய்க்குள் ஓடத் தொடங்கும். 500 டிகிரி செல்சியஸ் வாயுவில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 555 மீட்டர். நம்மைச் சுற்றியுள்ள காற்றில் அது 343 மீட்டர்தான். அந்த அலை குழாயின் வாயை எட்டியதும் ஒரு பகுதி வெளியே தப்பிக்கும், மீதி திரும்பி எஞ்சினை நோக்கி ஓடும். தப்பித்த பகுதிதான் நாம் கேட்கும் ‘தடதட’. அதோடு, வேகமாக ஓடும் வாயு விளிம்புகளிலும் வளைவுகளிலும் உரசிக் கிளப்பும் ‘உஸ்’ என்ற இரைச்சல் தனி. முதலாவது தாழ்ந்த அதிர்வெண், இரண்டாவது உயர்ந்தது. இவை இரண்டுக்கும் மருந்து வேறு வேறு என்பதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கும்.

இனி அந்தப் பாதி எஞ்சின் கதை. கார்வெட்டின் வி8 எஞ்சினில், அதாவது இரு வரிசையாக எட்டு சிலிண்டர் கொண்ட எஞ்சினில், கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) 90 பாகை திரும்பும்போதெல்லாம் ஒரு சிலிண்டரில் எரிபொருள் வெடிக்கிறது. வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை எண்கள் எல்லாம் இடப்பக்கம், இரட்டைப்படை எண்கள் வலப்பக்கம். எட்டையும் சேர்த்துக் கேட்டால் இடைவெளி மாறாத சீரான தாளம். ஆனால் இடது குழாய்க்கு வருவது 1, 3, 5, 7 மட்டும். மேலே உள்ள வரிசையில் விரல் வைத்து எண்ணிப் பாருங்கள்: 1க்கும் 3க்கும் நடுவே 270 பாகை, 3க்கும் 5க்கும் 180, 5க்கும் 7க்கும் 90, மறுபடி 1 வருவதற்கு 180. தாளம் நொண்டுகிறது. அமெரிக்க வி8இன் புகழ்பெற்ற உறுமல் இந்த நொண்டலிலிருந்துதான் வருகிறது.

நொண்டலுக்கு ஒரு விலை உண்டு. எஞ்சின் 2400 ஆர்பிஎம்மில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். முழு எஞ்சினின் வெடிப்பு நொடிக்கு 160. எல்லா வெடிப்பும் ஒரே பலம் என்று கொண்டால் மொத்தக் குரல் 160 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் மட்டுமே இருக்கும். ஒரு பக்கத்தை மட்டும் தனியே எடுத்துக் கணக்கிட்டால், 60 ஹெர்ட்ஸிலும் 100 ஹெர்ட்ஸிலும் இரண்டு பெரிய முகடுகள் எழும்பி நிற்கின்றன. வலப்பக்கத்திலும் அதே முகடுகள் உண்டு, ஆனால் நேர் எதிர்க் கட்டத்தில்: ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். இரண்டும் ஓரிடத்தில் கலந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இரட்டைக் குழாய் வைத்த பல கார்களில் நடுவே ஒரு குறுக்குக் குழாய் போட்டு இணைப்பதற்கு இது ஒரு காரணம். சைடு பைப்பில் இடமும் வலமும் காரின் இரு ஓரங்களுக்குப் பிரிந்து போய்விடுகின்றன. இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டும் அமெரிக்கரின் இடது காது, பெரும்பாலும் அந்த நான்கு சிலிண்டர்களையே கேட்கிறது. அழிய வேண்டிய 60, 100 ஹெர்ட்ஸ் அழியாமல் நேரே வந்து மண்டைக்குள் ரீங்கரிக்கிறது.

போர்டு ஜிடி40 பந்தயக் காரில் இதைக் குழாய் அளவிலேயே சரிசெய்தார்கள். இரு பக்கத்து சிலிண்டர்களிலிருந்தும் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்று பின்னிக் கொண்டுபோய், ஒவ்வொரு தொகுப்புக்கும் சம இடைவெளியில் வெடிப்பு வரும்படி இணைத்தார்கள். பாம்புக் கூட்டம் என்றே அதற்குப் பட்டப்பெயர். ஆனால் அந்தக் காரில் எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால். முன்னால் எஞ்சின் உள்ள காரின் பானெட்டுக்குள் அந்தப் பின்னலுக்கு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

சரி, வந்த சத்தத்தைக் குழாயிலேயே அடக்க என்ன வழி?

மிகப் பழைய வழி, குழாயைத் திடீரென்று அகலப்படுத்திப் பிறகு குறுக்குவது. அகலம் மாறும் இடத்தில் அலையின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும். எவ்வளவு திரும்பும் என்பது பரப்பளவு எத்தனை மடங்கு கூடுகிறது என்பதைப் பொறுத்தது. 50 மி.மீ. குழாயை 100 மி.மீ. அறைக்குள் விட்டால், சூத்திரப்படி அதிகபட்சம் 6.5 டெசிபல் குறையும். அறை 150 மி.மீ. ஆனால் 13, 200 மி.மீ. ஆனால் 18. வால்பக்கம் தொங்கும் சைலன்சர் குண்டாக இருப்பது சும்மா இல்லை. கதவுக்குக் கீழே 200 மி.மீ. உருளையைப் பொருத்தினால் சத்தம் அடங்கும். கார் பார்க்கச் சகிக்காது.

அறையின் நீளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அலைநீளத்தில் கால் பங்கு நீளம் இருந்தால்தான் அறை முழு பலத்தோடு வேலை செய்யும். சூடான குழாயில் 60 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 9.25 மீட்டர், கால் பங்கு என்றால் 2 மீட்டருக்கும் மேல். கார்வெட்டின் சக்கரங்களுக்கு இடையிலான தூரமே 2.49 மீட்டர்தான். என்14 குழாய்களில் வழக்கமான சைலன்சர் இல்லை. குழாயின் நெடுகிலும் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்திருந்தார்கள். 15 செ.மீ. நீளமும் நான்கு மடங்கு பரப்பும் உள்ள ஓர் அறையை எடுத்துக் கணக்கிட்டால், 60 ஹெர்ட்ஸில் அது குறைப்பது 0.2 டெசிபல்கூட இல்லை. மேல் அதிர்வெண்களைச் செதுக்கித் தள்ளிவிட்டு அடிக்குரலை அப்படியே விட்டுவிடும். அந்தக் காருக்கு அந்தக் குரல் வாய்த்தது இப்படித்தான்.

இரண்டாவது வழி, உறிஞ்சுவது. துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழையோ எரிமலைப் பாறை இழையோ அடைத்து வெளியே உறை போடுவார்கள். துளை வழியே இழைக்குள் நுழையும் அலை உராய்ந்து உராய்ந்து வெப்பமாகிவிடும். ‘உஸ்’ இரைச்சலுக்கும் காதைக் கீறும் சத்தத்துக்கும் இதைவிட நல்ல மருந்து இல்லை. வாயுவின் பாதை நேராக இருப்பதால் எஞ்சினின் பலமும் குறையாது. ஆனால் 25 மி.மீ. தடிமன் இழைக்கு 9.25 மீட்டர் அலை கட்டுப்படுமா? 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதன் பலன் சட்டென்று தேய்ந்துவிடும். இன்னொரு தொல்லை, இழை நிரந்தரம் இல்லை. வெப்பத்தில் நொறுங்கித் துளை வழியாகப் பறந்து போகும், எண்ணெய்ப் புகை ஊறிக் கட்டியாகும். போன வருடம் இருந்ததைவிட இந்த வருடம் சத்தம் கூடியிருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். உறையின் ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்து, துளைக்குழாய்மேல் முதலில் ஸ்டீல் இழை ஒரு சுற்று, அதன்மேல் புது இழை என்று கட்டினால் பழைய நிலைக்கு வரும். திணித்து அடைக்கக் கூடாது. இழைகளுக்கு இடையே காற்று அசைய வேண்டும், அசைந்தால்தான் உராய்வு.

கடையில் மலிவாகக் கிடைப்பது மூன்றாவது வழி: குழாயின் வாய்க்குள் சொருகி ஒரு போல்ட்டால் இறுக்கும் தடுப்பு. திருகாணி வடிவத் தகடாக இருக்கும், அல்லது துளையிட்ட கிண்ணமாக. பத்து நிமிட வேலை, சத்தமும் ஓரளவு குறையும் என்பதால் எல்லோரும் முதலில் இதைத்தான் வாங்குகிறார்கள். என் கணிப்பில் இருப்பதிலேயே மோசமான பேரம் இது. பாதை குறுகினால் வாயுவின் வேகம் கூடும், அழுத்த இழப்பு அந்த வேகத்தின் இருமடியாக ஏறும். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது, ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தும்போதுதான் கழுத்தைப் பிடிக்கும். போதாக்குறைக்கு வேகமான வாயு தானே சத்தம் போடும். பீறிடும் வாயுத் தாரையின் ஒலித்திறன் அதன் வேகத்தின் எட்டாம் அடுக்காக ஏறுகிறது என்று கணிதவியலாளர் ஜேம்ஸ் லைட்ஹில் 1952இல் காட்டினார். வேகம் இரட்டித்தால் 24 டெசிபல்! தடதடப்பை அடக்கப் போய்ச் சீறலை விலைக்கு வாங்கியதாகிவிடும்.

அந்த 60 ஹெர்ட்ஸ் ரீங்காரத்துக்குச் சரியான எதிரி ஒத்ததிர்வுக் கலன். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரே ஒரு சுருதி எழுமே, அதே பௌதிகம். பிரதான குழாயின் பக்கவாட்டில் ஒரு கழுத்து, கழுத்தின் முடிவில் மூடிய கலன். தன் சுருதிக்கு வரும் அலையை மட்டும் அது பிரதான குழாயிலிருந்து பிடித்து எதிர்க் கட்டத்தில் திருப்பிவிடும். வாயு இதன் வழியே ஓடுவதே இல்லை, அதனால் பலத்தில் இழப்பும் இல்லை. 10 லிட்டர் கலனும் 50 மி.மீ. அகலமும் சுமார் 30 செ.மீ. நீளமும் உள்ள கழுத்தும் 60 ஹெர்ட்ஸுக்குக் கிட்டே வரும். கழுத்தின் நீளத்தை மாற்றிச் சுருதி சேர்த்துக்கொள்ளலாம். கலனுக்குள் வாயு ஓடாததால் அது பிரதான குழாயைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். அங்கே ஒலியின் வேகமும் குறைவு. ஏட்டுக் கணக்கு ஓரளவு பிசகத்தான் செய்யும். சிரமம், இது 2400இல் வேலை செய்தால் 3000இல் செய்யாது. ஆனால் மண்டையைக் குடைவது நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் போகும்போதுதானே. ஒரு சுருதியை வெட்டினால் போதும். பத்து லிட்டரை எங்கே ஒளிப்பது என்பதுதான் கேள்வி. குழாய் வெளியே தலைகாட்டுவதற்கு முன் எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவே இருக்கும் இடுக்கில்தான் தேட வேண்டும்.

குழாயின் நுனியைச் சாலை பக்கம் வளைத்துவிடுவதில் பெரிய பலன் இல்லை. 60 மி.மீ. வாய்க்குச் சுமார் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் சத்தம் திசை பார்த்துப் போகும். அதற்குக் கீழே எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் (இடைவெளியை அடைக்கும் தகடு) ஒழுகுகிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது. ‘டிக் டிக்’ என்று வரும் கூர்மையான சத்தம் பல நேரம் அங்கிருந்துதான் வரும், எந்தச் சைலன்சரும் அதைத் தொடாது.

அளப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. நிற்கும் காரைச் சோதிக்கும் ஐஎஸ்ஓ 5130 என்ற சர்வதேசத் தர முறையில், குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 பாகை கோணத்தில் மைக்கை வைத்து ‘ஏ’ எடையிட்ட டெசிபலில் அளப்பார்கள். ஏ எடை மனிதக் காதைப் பின்பற்றித் தாழ்ந்த ஒலியைக் குறைத்துக் கணக்கிடும்: 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபல், 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபல் கழித்துவிடும். புது இழை அடைத்த குழாய் இந்தச் சோதனையில் அருமையாகத் தேறிவிடும். அதே காரை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலை ஏறினால் ரீங்காரம் இருந்த இடத்திலேயே இருக்கும். செய்த வேலை பலித்ததா என்று தெரிய, மீட்டரைத் தாழ்ந்த ஒலியை அவ்வளவாகக் கழிக்காத ‘சி’ எடைக்கு மாற்றி, ஓட்டுநரின் காது உயரத்தில் வைத்து, வழக்கமாகப் போகும் வேகத்தில் வேலைக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் அளக்க வேண்டும். இரண்டு முறையும் எஞ்சின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். குளிர்ந்த குழாயில் ஒலியின் வேகமே வேறு.