இரண்டரை மாட்யூல் என்று நம்பி வெட்டிய கியர்

பேட்டையில் வீட்டுக்குப் பின்னால் ஒரு சாய்ப்பு, அதில் ஒரு லேத், ஒரு மில்லிங். அதுதான் என் பட்டறை. சில வருஷத்துக்கு முன் அம்பாசமுத்திரம் பக்கமிருந்து ஓர் அண்ணாச்சி, பழைய இங்கிலீஷ் லேத்தின் சேஞ்ச் கியரை, அதாவது வெட்டும் மரையின் அளவுக்கு ஏற்ப மாற்றி மாட்டும் பல்சக்கரத்தை, சாக்குப் பையில் சுருட்டிக் கொண்டுவந்தார். இரண்டு பல் போயிருந்தது. மொத்தம் 32 பல், வெளி விட்டம் 86.3 மி.மீ. பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி, அதால் விட்டத்தை வகுத்தால் மாட்யூல், அதாவது பல்லின் பருமனைச் சொல்லும் எண், கிடைக்கும். வகுத்தேன்: 2.538. "ரெண்டரை மாட்யூல்தான் அண்ணாச்சி" என்று வெட்டிக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாளே வந்துவிட்டார். "சுத்தும்போது கடகடங்கு, பாத்துக்கிடுங்க."

இரண்டரை மாட்யூலுக்கு 32 பல் என்றால் விட்டம் 85தான் வரும். தேய்ந்த கியரில் விட்டம் குறையலாம்; கூடுமா? அது அங்குலக் கணக்கில் வெட்டிய 10 டி.பி. (டயமெட்ரல் பிட்ச்), அதாவது பல் கவ்வும் வட்டத்தின் விட்டத்தில் அங்குலத்துக்கு 10 பல். 25.4ஐ 10ஆல் வகுத்தால் மாட்யூல் 2.54. சரி என்று, கையில் இருந்த 20 டிகிரி கட்டரால் (பல்லின் பக்கவாட்டுச் சரிவைச் சொல்லும் பிரஷர் ஆங்கிள் அது) மறுபடி வெட்டினேன். இப்போது கடகடப்பு போய் ஊளைச் சத்தம்.

அப்புறம்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். அண்ணாச்சியின் பழைய கியரை எடுத்து, வெர்னியரின் இரண்டு தாடைகளும் பல்லின் பக்கவாட்டைத் தொடும்படி மூன்று பல்லைச் சேர்த்துக் கவ்வினேன்: 19.60. நான்கு பல்: 27.32. கழித்தால் 7.72. இந்த வித்தியாசம்தான் கியரின் ஜாதகம். 2.5 மாட்யூல், 20 டிகிரி என்றால் 7.38, பதினாலரை டிகிரி என்றால் 7.60. 10 டி.பி., 20 டிகிரி 7.50, பதினாலரை 7.73. பழைய இங்கிலீஷ் மெஷின்களில் பதினாலரைதான் அதிகம் என்பது எனக்குத் தெரியாததும் இல்லை, அவசரம்.

பல் தேய்ந்திருக்கிறதே, அளவு தப்பாதா? புதுசாக இருந்தால் மூன்று பல்லுக்கு ஏறக்குறைய 19.75 வந்திருக்கும். ஆனால் தேய்மானம் எல்லாப் பல்லிலும் ஒரே அளவு என்றால் கழிக்கும்போது அடிபட்டுப் போகும். அதனால் உடைந்த இடத்தை விட்டுவிட்டு நாலைந்து இடத்தில் எடுத்துப் பாருங்கள். கரெக்‌ஷன் கொடுத்து, அதாவது கட்டரை வழக்கமான ஆழத்திலிருந்து வேண்டுமென்றே தள்ளி வைத்து, வெட்டிய கியரில் வெளி விட்டம் ஏமாற்றும், இந்த வித்தியாசம் ஏமாற்றாது.

இன்னொன்று. கவ்வியபடியே வெர்னியரை லேசாக முன்னும் பின்னும் சாய்த்தால் அளவு மாறக் கூடாது. நூல்கண்டிலிருந்து நூலை விறைப்பாகப் பிரிக்கும்போது அதன் முனை போடும் வளைவுதான் இன்வால்யூட், பல்லின் பக்கவாட்டு வடிவம்; அந்த வளைவின் குணம் அது. மாறினால் பல் தாறுமாறாகத் தேய்ந்திருக்கிறது, அல்லது அது இன்வால்யூட்டே இல்லை. சுவர்க் கடிகாரச் சக்கரங்களில் அப்படிப் பார்க்கலாம்.

ஒற்றைப்படைப் பல் கியரில் விட்டம் எடுக்கும்போதும் கவனம்: முனைக்கு நேர் எதிரே முனை இருக்காது. 2 மாட்யூல், 21 பல் கியருக்கு 46 வர வேண்டிய இடத்தில் வெர்னியர் 45.87 காட்டும். பல் சாய்வாக ஓடும் ஹெலிகல் கியருக்கு இந்த விட்டக் கணக்கே செல்லாது. முதலில் பல்லின் சாய்வுக் கோணத்தை எடுக்க வேண்டும்.

மூன்றாவதாகப் பதினாலரை டிகிரியில் வெட்டியதுதான் பொருந்தியது; அண்ணாச்சியிடம் அந்த ஒரு கியருக்குத்தான் காசு வாங்கினேன். மற்ற இரண்டும் ஜன்னல் ஆணியில் தொங்குகின்றன.